கடல் மெழுகிய களம்

பெண் பார்ப்பதைவிட வீடு பார்ப்பது கஷ்டமான காரியம். பெண்ணையாவது எதிரே உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டுவிடலாம். வீடு அப்படியில்லை. முன்பணம் வாங்கி, சாமான் இறங்கி, சுவாமி படம் மாட்டி முடிக்கிறவரைக்கும் பரம சாதுவாக இருக்கும். அதற்குப் பிறகுதான் அதன் குணம் தெரியும். அதிலும் வாசலுக்கு எதிரே கடல் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், இரண்டு பேருடைய குணத்தையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும்.

நான் திண்டிவனத்துப் பெண். எங்கள் தெருவில் தண்ணீர் என்பது குடத்தில் பார்க்கிற வஸ்து. அதற்கு மேல் தண்ணீர் என்றால் ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, மெல்ல மெல்ல உள்வாங்கி, சித்திரையில் மாடு மேய்கிற இடமாகிவிடும். ஏரித் தண்ணீரின் ஓரம் பத்தடி நகர்வதற்கு ஒரு மாதமாவது பிடிக்கும். (இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் என் மேல் கொஞ்சம் இரக்கம் வரட்டும் என்றுதான்.)

வாழ்க்கைப்பட்டது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அறுபதுகளின் ஆரம்பம். மாமனார் காலமாகிவிட்டார். நிலத்தையும் குடும்பத்தையும் கட்டி மேய்த்தது என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்குப் பாண்டிச்சேரியில் ஒரு மில் ஆபீஸில் வேலை. விடிவதற்குள் சைக்கிளில் விழுப்புரம் ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். திரும்பும்போது ஊர் அடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இருப்பாரே என்றால், அன்றைக்குத்தான் நாத்தனார்கள், ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள் என்று வீடே மயிலம் தேரோட்டம் மாதிரி இருக்கும். அவரும் நானும் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால், கிணற்று ராட்டினம் கிறீச்சிடும்போது பேசினால்தான் உண்டு. ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே குடித்தனம் நடத்தினேன்.

எனக்குத் தனிக்குடித்தனம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மார்கழிப் பனியில் போய்வந்து அவருக்கு ஜுரம் வந்த சமயம் பார்த்து, அத்தையிடம் பேச்சை எடுத்தேன்.

"பாண்டியிலயே ஒரு வூடு பாத்துக்கினா அவருக்கு இந்த அலைச்சல் இல்ல அத்தே."

அத்தை முறத்தை நிறுத்தாமல் புடைத்துக்கொண்டே சொன்னார். "பாருங்க. பால் காய்ச்சற அன்னிக்கி நான் வர்றேன். வூடு எனக்குப் புடிச்சா இருங்க. புடிக்கலன்னா பொழுதோட மூட்டையக் கட்டிக்கினு எங்கூட ரயிலேறிடணும். அவன் எப்பவும் போல போய்க்கினு வரட்டும்."

அத்தைக்குப் பிடித்த வீடு என்று ஒன்று உலகத்தில் அதுவரை கட்டப்படவில்லை. அது எனக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தார். முதலாவது மார்க்கெட்டுக்குப் பின்னால், தெருவின் நடுவில். கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு. பக்கத்திலேயே கடைகள். ஆனால் கூடத்தில் பகலிலும் விளக்கு வைக்க வேண்டும். இரண்டாவது, மீனவர் குப்பத்தை ஒட்டிய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. வாடகை குறைவு. கூடத்தில் ஒரு பெரிய ஜன்னல். அதைத் திறந்தால் கடல்.

நான் அந்த ஜன்னலைத் திறந்தேன். அப்புறம் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"உப்புக் காத்து, சரோஜா. இரும்புச் சாமானெல்லாம் துருப்புடிச்சிடும்" என்றார் அவர்.

"நாம என்ன இரும்பா?" என்றேன்.

"கெணத்துத் தண்ணி வேற கரிக்குது."

"குடிக்கிறதுக்குத் தெருக்கொழா இருக்குதுங்க."

"அம்மாவுக்கு?"

நான் மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்று, ராட்டினத்தின் துணையில்லாமல் பேசுவதாக நான் நினைத்துப் பார்த்தாகிவிட்டது. அப்படி நினைத்துப் பார்த்துவிட்ட பெண்ணிடம் தண்ணீர் கரிக்கிறது என்று சொல்லி என்ன பிரயோஜனம்? வீட்டை முடித்தோம்.

பால் காய்ச்ச ஜோசியர் தைப்பூசத்தைக் குறித்துக் கொடுத்தார். பௌர்ணமி, முருகனுக்கு உகந்த நாள், குறையே கிடையாது என்றார். (பாவம், அவர் எங்கள் கிராமத்து ஜோசியர். வானத்தைப் பார்த்துச் சொன்னார். கடலை அவரும் பார்த்ததில்லை.)

அந்தத் தை மாதம் அத்தைக்கு வேறொரு பேஜாரு. புதுக்குடித்தனத்தில் சொந்த நிலத்து நெல்லைக் குத்தின அரிசிதான் உலையில் வேக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகப் புது நெல்லை அவித்தாகிவிட்டது. காயவைக்கக் களம் இல்லை. எங்களுக்கும் பங்காளி கோவிந்தசாமிக்கும் பொதுவான களத்தில் அந்த மனிதர் தன் வைக்கோலை மலை மாதிரி குவித்து வைத்துக்கொண்டு, "எடுக்கறேன், எடுக்கறேன்" என்று வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவித்த நெல் ஈரத்தோடு கிடந்தால் புளித்து நாறிவிடும். அத்தை அதை அப்படியே மூட்டையாகக் கட்டி ரயிலில் ஏற்றிவிட்டார். "அங்க எங்கனா மாடியில போட்டுக் காய வச்சிக்கலாம்" என்றார். நான் பார்த்து வைத்தது ஓட்டு வீடு என்பதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

துணைக்கு வந்தவர் அத்தையின் தம்பி நடேசன். நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். மதுவிலக்கு இருந்த ராஜ்யத்தில் பிறந்துவிட்ட துரதிர்ஷ்டசாலி. பாண்டிச்சேரியில் விலக்கு கிடையாது. பாண்டி எல்லையில் கண்டமங்கலம் பக்கம் ரயில் போனதுமே அவர் முகத்தில் ஒரு பக்திக் களை வந்துவிட்டது. "பூசத்துக்கு நான் வெரதம்" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

வீட்டுக்குள் காலை வைத்ததிலிருந்து அத்தை பரீட்சைக்கு வந்த அதிகாரி ஆகிவிட்டார். அடுப்பைப் பற்றவைத்தோம், என் அருமை ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்து அணைத்தது. மறுபடி பற்றவைத்தோம், மறுபடி அணைத்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் மேல்துண்டை விரித்துப் பிடித்து ஜன்னலுக்கு முன்னால் நின்றார். எந்த ஜன்னலுக்காக வீட்டை எடுத்தேனோ அதற்குப் புருஷனைக் கதவாக நிறுத்தி ஒருவழியாகப் பால் பொங்கியது.

"கறவேப்பிலைச் செடி வெக்க எடமில்ல" என்றார் அத்தை. "மாடு கட்ட எடமில்ல. அண்டைவீட்டுக் கருவாடு இங்க நம்ம கூடத்துல வந்து குந்திக்கினு இருக்குது."

பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் ஊற்றினார்.  வாயில் தண்ணீரோடு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார், துப்புவதற்கு. துப்பினார். நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

வரும்போது சாமான் இறக்கும் அவசரத்தில் அவர் கடற்கரையைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தார். நல்ல வெயில். கண்ணுக்கெட்டிய வரை மணல், ஒரு வைக்கோல் துரும்பு கிடையாது.

"சரோஜா, இது யாருது?"

"எது அத்தே?"

"இந்தக் களம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"யாருதும் இல்ல அத்தே. பொது."

"பொதுன்னா? பங்காளி எவனாவது..."

"பங்காளியே கிடையாது அத்தே."

என் மாமியார் சிரித்தார். கல்யாணமாகி அத்தனை நாளில் என்னைப் பார்த்து அவர் முழுசாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இந்த வூடே இருக்கட்டும். இம்மாம் பெரிய களத்த வுட்டுட்டு எவனாவது சந்துக்குள்ள போயி குடியிருப்பானா? நெல்லு காய்ஞ்சதும் வாரிக் கட்டிட்டு நானு ராத்திரி ரயிலுக்குப் போறேன்."

ஜெயித்துவிட்டேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நானே முதல் மூட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

களம் தேர்ந்தெடுப்பதில் அத்தையை யாரும் ஏமாற்ற முடியாது. வீட்டுக்குப் பக்கத்து மணல் பொலபொலவென்று இருந்தது. "இது ஆவாது, நெல்லோட மண்ணு கலந்துடும்" என்று தள்ளிவிட்டார். தண்ணீர் ஓரம் ஈரம், அதுவும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு பட்டை. சமமாக, இறுகலாக, வெயிலில் காய்ந்து, சாணம் போட்டு மெழுகின மாதிரி கிடந்தது. அத்தை குதிகாலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். பதியவே இல்லை.

"யாரோ நல்லா மெழுகி வுட்டிருக்கான்" என்றார்.

"இங்க எல்லாம் அப்படித்தான் அத்தே, சுத்தம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு" என்றேன் நான், ஏதோ பாரீசில் பிறந்தவள் மாதிரி.

யார் மெழுகினார்கள், எப்போது மெழுகினார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மெழுகினவர் அன்று காலையில்தான் வந்து மெழுகிவிட்டு, கூப்பிடு தூரத்தில் படுத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் திரும்பி வருவதாகவும் இருந்தார். நாங்கள் விரிக்க விரிக்க அவர் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனதைப் பார்த்து, "தண்ணிகூட நமக்கு எடம் வுடுது பாரு" என்று அத்தை பாராட்டினார்.

சாக்குகளைப் பிரித்துத் தைத்த விரிப்பில் நெல்லைப் பரப்பினோம். அப்போது குப்பத்துப் பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். அடுத்த வீட்டு அஞ்சலைதான் முன்னால். நெல்லைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு அஞ்சலை ஓடிப்போய்க் கற்பூரமும் குங்குமமும் கொண்டுவந்து, நெல்லுக்குப் பக்கத்தில் கற்பூரத்தை ஏற்றி, எல்லோருமாக விழுந்து கும்பிட்டார்கள். எழுந்து வந்த வழியே போய்விட்டார்கள்.

"நெல்லோட அருமை தெரிஞ்ச சனங்க" என்றார் அத்தை, மனம் குளிர்ந்து. எனக்கும் கண் கலங்கியது. எவ்வளவு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

காவலுக்குச் சித்தப்பாவை ஒரு குச்சியோடு உட்காரவைத்துவிட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டோம். நடுநிசியிலிருந்து விழித்திருந்த உடம்பு. சாப்பிட்டதும் கட்டையைச் சாய்த்தோம். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

"நெல்ல வாரிடலாம் அத்தே" என்றேன்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல நெல்ல வாரக்கூடாது. லட்சுமி பூடுவா. சித்த போவட்டும்."

புது வீட்டில் முதல் விளக்கை ஏற்றினேன். அத்தை சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் போய் ஜன்னலைத் திறந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பூசத்து நிலா கடலிலிருந்து செம்புத் தாம்பாளம் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"நீ சொன்னது சரிதான் சரோ. நல்லாத்தான் இருக்குது" என்றார் மெதுவாக.

எந்த நிமிஷத்துக்காக இத்தனை பாடும் பட்டேனோ அந்த நிமிஷம் அதுதான். அதை நான் எவ்வளவு நேரம் அனுபவித்தேன் என்றால், "தண்ணியில ஏதோ மின்னுதே, என்னா அது?" என்று அவர் கேட்கிறவரை.

மின்னியது எங்கள் நெல்.

பௌர்ணமி வேகத்தில் கடல் ஏறி வந்து களத்தின்மேல் சௌகரியமாகப் படுத்திருந்தது. விரிப்பு ஒரு பக்கம் மிதந்தது, குச்சி ஒரு பக்கம் மிதந்தது. காவல்காரரைக் காணோம். "ஐயோ நெல்லு" என்று நான் போட்ட சத்தத்தில் அத்தை கண்ணைத் திறந்தார். மூவரும் ஓடினோம். அவர் புது வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தார். கடல் மறுமுனையைப் பிடித்தது. கடல் பலசாலி. நான் முந்தானையில் நெல்லை அள்ளினேன், அலை வந்து நெல்லை எடுத்துக்கொண்டு மணலைக் கொடுத்துவிட்டுப் போனது. அத்தை கரையில் நின்று கடலைப் பார்த்து, பங்காளியைத் திட்டுகிற அத்தனை வசவுகளையும் ஒன்று விடாமல் திட்டினார். அது காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா வந்து சேர்ந்தார். விரதம் நல்லபடியாக முடிந்த முகம். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நெல்லின் மேல் தண்ணீர் நிற்பதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தண்ணி கட்டியாச்சா? இன்னிக்கி யாரு மொறை?"

அத்தை அவரை அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். வருஷம் முழுக்கப் பாடுபட்டு விளைவித்த நெல் கண்ணெதிரே போனால் யாருக்குத்தான் தாங்கும்? எனக்கு அவரைத் தொடப் பயமாக இருந்தது, தொடாமல் இருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கெளம்பு. மூட்டையக் கட்டு. ராத்திரி ரயிலுக்குப் போயிடலாம்."

முடிந்தது. மறுபடியும் ராட்டினம்தான் என்று நினைத்துக்கொண்டு நானும் மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கினேன்.

அப்போது குப்பமே திரண்டு வந்தது. அஞ்சலை வந்து அத்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மகராசி, நீ நல்லா இருக்கணும்மா. பூசத்துக்குக் கடலம்மாவுக்கு மூட்டை மூட்டையா நெல்லு குடுத்தியே, இந்தக் குப்பத்துல இதுமாதிரி யாரும் செஞ்சதில்ல. ஒரு மணி மிச்சம் வெக்காம வாங்கிக்கினா பாரு. நீ வேண்டிக்கினது நடந்துடும். இன்னிக்கி கவிச்சி ஆவாதுன்னு தெரியும். நாளைக்கி உனக்குன்னு பெரிய கொடுவா மீனா கொண்டாறோம். ஆமா, என்னா வேண்டுதல்மா?"

கற்பூரம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். சுற்றி நிற்கிற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். 'காய வெச்ச நெல்ல வாரத் தெரியாம பறிகொடுத்துட்டேன்' என்று என் அத்தை சொல்வாரா? ஊரில் ஒரு வரப்பு வழக்கில்கூடத் தோற்காதவர்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாம் இவளுக்கோசரம்தான்" என்று என்னைக் காட்டினார். "எம் மருமவ புதுசா தனிக்குடித்தனம் வந்திருக்குது. புருஷனும் பொஞ்சாதியும் இந்த வூட்டுல நல்லா இருக்கணும்னு வேண்டிக்கினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தார். குப்பம் முழுக்கச் சாட்சியாக நின்றது. இனிமேல் என்னை எந்த ரயிலில் ஏற்றுவார்? நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப அடக்கமாக அவர் காலில் விழுந்தேன். குனிந்தபோது என் காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "ஜாலக்காரி" என்றார்.

அன்றிரவு ரயிலுக்கு அவர் போகவில்லை. மறுநாள் கொடுவா மீன் வந்தது. சாப்பிட்டுவிட்டு, "தண்ணி கரிச்சாலும் கொழம்பு நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்த வீட்டுக்கு அவர் கொடுத்த ஒரே நற்சாட்சிப் பத்திரம் அது.

பொய் சொன்னவரைக் கடல் சும்மா விடவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு அஞ்சலை ஊருக்கே ஆள் அனுப்பினாள்: அம்மா எப்போ வரும், கற்பூரம் வாங்கி வைக்கலாமா என்று. வராமல் இருக்க முடியுமா? அத்தை ஒரு மரக்கால் நெல்லோடு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டினார். அதற்குள் எனக்குப் பெரியவன் பிறந்திருந்தான், என் வீட்டுக்காரருக்கும் சம்பளம் உயர்ந்திருந்தது. இரண்டையும் சித்தப்பா ஊரில் போய்க் கடலம்மா கணக்கில் எழுதிவிட்டார். (விரதம் இருக்க வருஷத்துக்கு ஒரு சாக்கு அவருக்கும் வேண்டுமே.)

அது பங்காளி கோவிந்தசாமியின் காதுக்குப் போனது. அவர் மகனுக்கு வேலை கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்த சமயம். "அண்ணி, நானும் ஒரு படி நெல்லு போட்டா..." என்று வந்து நின்றார்.

"படியெல்லாம் வாங்கமாட்டா. மூட்டையா கொண்டாரணும்" என்றார் அத்தை. "அப்புறம், பொதுக் களத்த அடைச்சிக்கினு இருக்கிறவன் நெல்ல அவ தொடக்கூட மாட்டா. அத மொதல்ல பாரு."

ஒரே வாரத்தில் வைக்கோல் மலை காணாமல் போனது. அதற்கடுத்த பூசத்துக்குக் கோவிந்தசாமி மூட்டையோடு வந்து கடலில் கொட்டியபோது, அத்தை பக்கத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு பக்தியோடு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அத்தை போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கோவிந்தசாமியும் போய்விட்டார். ஆனால் வழக்கம் நிற்கவில்லை. அவருடைய பேரன்கள் இப்போது வேனில் வருகிறார்கள், மேளத்தோடு. போன பூசத்துக்கு நான் முதலில் போய் ஒரு கை நெல் போடப் போனபோது, அவர்களில் ஒருவர் குறுக்கே வந்து பணிவாகத்தான் சொன்னார்.

"பெரியம்மா, கோச்சிக்காதீங்க. இத மொதமொதல்ல ஆரம்பிச்சது எங்க தாத்தாதான். மொத நெல்லு எங்களுதுதான் போடணும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எங்கே வீடு பார்த்தாலும், தண்ணீர் எப்படி, வெளிச்சம் எப்படி என்றெல்லாம் கேட்பதில்லை. "பங்காளி இருக்கானா பாத்தியா?" என்றுதான் கேட்கிறார்கள். என்னைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கடலுக்குப் பங்காளியே கிடையாது என்று அன்றைக்கு அடித்துச் சொன்னவள் நான்தானே.